ஓசூர் ரோஜாவுக்கு நாள் குறித்தது யார்?

சென்ற டிசம்பர் முதல் வாரம் பெரியப்பா மகனின் பாலிஹவுஸில் நின்றுகொண்டிருந்தேன். ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை போகும் சாலையில், தார் ரோட்டை விட்டு ஒரு மண் பாதையில் இறங்கினால் வரும். உள்ளே நாலு பேர் கத்தரியும் கையுமாக, தளதளவென்று நின்ற ரோஜாச் செடிகளைச் சரக் சரக்கென்று வெட்டித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். பூவும் மொட்டுமாக இருந்த கிளைகள். எனக்கு மனசு கேட்கவில்லை.

"ஏண்ணா, பூக்கிற செடியைப் போய் வெட்டறீங்க?"

"இது கவாத்து. இப்ப வெட்டுனாத்தான் ஜனவரி கடைசில மொட்டு வரும். இந்தப் பூவை யார் வாங்குறா? அந்தப் பூவுக்குத்தான் விலை."

விரல் விட்டு எண்ணிக் காட்டினார். வெட்டிய இடத்தில் துளிர் வர இத்தனை நாள், தண்டு நீள இத்தனை நாள், மொட்டு கட்ட இத்தனை நாள். மொத்தம் ஐம்பது நாளை ஒட்டி வரும். பனி அதிகமானால் நாலு நாள் தள்ளிப் போகும், வெயில் அடித்தால் முந்திக்கொள்ளும். அறுத்த பூவைக் குளிர் அறையில் வைத்து, தரம் பிரித்து, கட்டுக் கட்டி, பெங்களூரு விமான நிலையம் போய், அங்கிருந்து கடல் தாண்டிப் போய்ச் சேர வேண்டும். எல்லாம் காதலர் தினமான பிப்ரவரி 14ஐ நோக்கிப் பின்னாலிருந்து எண்ணிய கணக்கு. கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டுப் பந்தக்கால் நடுகிற மாதிரி.

ஜனவரி கடைசியில் மறுபடி போனேன். அதிகாலை ஆறு மணி, நல்ல குளிர். 'தாஜ்மகால்' ரகம். ஒவ்வொரு மொட்டுக்கும் வலைத்தொப்பி மாட்டியிருந்தார்கள். இதழ் சீக்கிரம் விரியாமல் மொட்டு பெருக்க வேண்டும் என்பதற்காக. அறுத்த தண்டுகளை உடனே தண்ணீர் வாளியில் போட்டு எடுத்துப் போனார்கள். நீள மேசையில் ஆறேழு அக்காக்கள் நின்று தண்டின் நீளம் பார்த்துப் பிரித்தார்கள். இருபது தண்டுக்கு ஒரு கட்டு. மொட்டு அடிபடாமல் நெளி அட்டை சுற்றி, கீழே ரப்பர் பேண்ட். கை பேசுகிற வேகத்தில் வாயும் பேசிக்கொண்டிருந்தது, பாதி கன்னடம், பாதி தமிழ்.

அண்ணன் டீ டம்ளரோடு பக்கத்தில் வந்து நின்றார். "பத்தாம் தேதி வரைக்கும் வர்ற பூவுக்கு ஒரு விலை. பதினஞ்சாம் தேதி வர்ற பூவை ஏன்னு கேக்க நாதி இல்ல. ஒரே செடி, ஒரே பூ. எவன்டா தம்பி இந்தத் தேதிய வச்சான்?"

"வாலண்டைன்னு ரோம்ல ஒரு பாதிரியார் இருந்தார்ணா. அவரைத் தலையை வெட்டிக் கொன்ன நாள்."

"செத்த நாளுக்கா இவ்வளவு பூ?" கொஞ்சம் யோசித்தார். "சரி, செத்தாலும் பூ போடறதுதான். ஆனா காதலுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்?"

சட்டென்று பதில் வரவில்லை. வாட்ஸ்அப்பில் வருஷாவருஷம் வரும் கதையைத்தான் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு லாரிக்காரருக்கு போன் போடப் போய்விட்டார். எனக்குத்தான் உறுத்தல். அன்று ராத்திரி தேட ஆரம்பித்தது, அறுவடை முடிந்த பிறகும் விடவில்லை.

வாட்ஸ்அப் கதை உங்களுக்கும் தெரியும். இரண்டாம் கிளாடியஸ் என்ற ரோமப் பேரரசன், கல்யாணமானவன் போருக்கு லாயக்கில்லை என்று திருமணத்தையே தடை செய்தானாம். வாலண்டைன் ரகசியமாகக் கல்யாணம் செய்து வைத்தாராம். மாட்டிக்கொண்டு சிறைக்குப் போய், அங்கே சிறைக்காவலரின் பார்வையற்ற மகளுக்குக் கண் கொடுத்து, சாவதற்கு முன்னால் 'உன் வாலண்டைன்' என்று கையெழுத்திட்டு அவளுக்கு ஒரு சீட்டு எழுதினாராம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கிளாடியஸ் ஆண்டதே 268 முதல் 270 வரை. அந்தக் கொஞ்ச காலத்தில் திருமணத்தைத் தடை செய்தான் என்பதற்கு அவன் காலத்து ஆவணம் எதிலும் சாட்சி கிடையாது. வாலண்டைனே ஓர் ஆளா இரண்டு ஆளா என்பதில் குழப்பம். ஒருவர் ரோமில் பாதிரியார், இன்னொருவர் டெர்னி ஊரின் ஆயர். இருவருக்கும் சாவு பிப்ரவரி 14, இருவரையும் புதைத்தது ஃபிளமினியா என்ற நெடுஞ்சாலை ஓரத்தில். ஒரே ஆளின் கதை இரண்டாகக் கிளைத்திருக்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆப்பிரிக்காவில் அதே தேதிக்கு மூன்றாவதாக ஒரு வாலண்டைனும் இருக்கிறார், பெயரைத் தவிர எதுவும் மிஞ்சவில்லை.

1260 வாக்கில் ஜகோபஸ் தெ வராகினே என்ற இத்தாலியத் துறவி புனிதர்களின் கதைகளையெல்லாம் ஒரே நூலாகத் தொகுத்தார். வாலண்டைன் அதில் இருக்கிறார், பார்வையற்ற பெண்ணும் இருக்கிறாள். ரகசியக் கல்யாணம் இல்லை, காதல் சீட்டு இல்லை. அதாவது புனிதர் இறந்து ஆயிரம் ஆண்டு ஆகிற வரைக்கும் அவருக்கும் காதலுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. வலிப்பு நோய்க்காரர்கள் அவரை வேண்டிக்கொண்டார்கள், தேனீ வளர்ப்பவர்களுக்கும் அவர்தான் காவல். கத்தோலிக்கத் திருச்சபை 1969இல் நாட்காட்டியைத் திருத்தியபோது, இவரைப் பற்றி உறுதியாகத் தெரிந்தது மிகக் குறைவு என்று பொது நாட்காட்டியிலிருந்து எடுத்தே விட்டது. புனிதர் பட்டியலில் மட்டும் இன்னும் இருக்கிறார். ரோமின் சாந்தா மரியா இன் கோஸ்மெதின் தேவாலயத்தில், பூ மாலை சூட்டிக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்திருக்கும் மண்டை ஓடு இவருடையது என்கிறார்கள். டப்ளினில் வைட்ஃபிரையர் தெரு தேவாலயத்துக்கும் 1836இல் போப் இவருடைய எச்சங்களை அனுப்பி வைத்திருக்கிறார்.

புனிதர் இல்லை என்றால் அடுத்து எல்லோரும் கை காட்டுவது லூப்பர்காலியா என்ற பழைய திருவிழாவை. இதுவும் ரோம், இதுவும் பிப்ரவரி. 15ஆம் தேதி. பாலடைன் குன்றின் அடியில் ஒரு குகை, ரோமுலஸையும் ரீமஸையும் ஓநாய் பாலூட்டி வளர்த்த இடம் என்று நம்பிக்கை. அங்கே ஆடுகளையும் ஒரு நாயையும் பலி கொடுப்பார்கள். ரத்தம் தோய்ந்த கத்தியை இரண்டு இளைஞர்களின் நெற்றியில் தொட்டு எடுத்து, பாலில் நனைத்த கம்பளியால் உடனே துடைப்பார்கள். துடைத்ததும் அந்த இளைஞர்கள் சிரிக்க வேண்டும், அது விதி. அப்புறம் பலியாட்டின் தோலை வார் வாராகக் கிழித்துக்கொண்டு, இடுப்பில் ஒரு தோல் துண்டோடு ஊருக்குள் ஓடுவார்கள், எதிர்ப்படுகிறவர்களை அடித்துக்கொண்டே. பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் தாமாகவே கையை நீட்டி அடி வாங்கிக்கொள்வார்கள். தூய்மைப்படுத்தும் பொருளுக்கு லத்தீனில் 'ஃபெப்ருவா' என்று பெயர். பிப்ரவரி அதிலிருந்து வந்தது. கிமு 44இல் மார்க் ஆண்டனி சீசருக்கு மகுடம் நீட்டியதும், சீசர் தள்ளிவிட்டதும் இந்தத் திருவிழாவில்தான்.

நம்மூர்க் கோயில் கொடையைப் பார்த்தவர்களுக்கு இதில் எதுவும் விசித்திரமாகப் படாது. ஆனால் இதற்கும் காதல் கடிதத்துக்கும் என்ன தொடர்பு? ஐந்தாம் நூற்றாண்டின் கடைசியில் போப் கெலாசியஸ் லூப்பர்காலியாவை ஒழித்து அந்த இடத்தில் வாலண்டைன் திருநாளை வைத்தார் என்பார்கள். கெலாசியஸ் அந்தத் திருவிழாவைக் கண்டித்து எழுதியது உண்மை, அது கைக்குக் கிடைக்கிறது. அதில் வாலண்டைன் பெயரே வரவில்லை. லூப்பர்காலியாவில் பெண்களின் பெயரைச் சீட்டுப் போட்டு எடுத்து ஜோடி சேர்த்தார்கள் என்பது இன்னொரு கதை. ரோமர்கள் யாரும் அப்படி எழுதி வைக்கவில்லை. ஆல்பன் பட்லர் என்ற ஆங்கிலப் பாதிரியார் பதினெட்டாம் நூற்றாண்டில் எழுதிய புனிதர் வரலாற்றிலிருந்து பரவிய சங்கதி அது. அவர் காலத்து இங்கிலாந்தில் சீட்டுக் குலுக்கும் வழக்கம் இருந்தது. அதையே பழைய ரோமுக்குத் தள்ளிவிட்டார் என்றுதான் எனக்குப் படுகிறது. எதற்கும் இரண்டாயிரம் ஆண்டுப் பழமை கற்பிக்கிற பழக்கம் நமக்கு மட்டும் சொந்தமில்லை போலிருக்கிறது.

சரி, அப்படியானால் யார்தான் வைத்தது?

லண்டன் துறைமுகத்தில் கம்பளிக்கும் தோலுக்கும் சுங்கவரிக் கணக்குப் பார்த்த ஓர் அரசு ஊழியர். பெயர் ஜெஃப்ரி சாசர். பகலெல்லாம் கணக்கு எழுதிவிட்டு, ராத்திரி வீட்டில் கண் பூத்துப் போகும் வரை புத்தகமும் கையுமாக இருப்பவர். 1380களின் தொடக்கத்தில் அவர் பறவைகளின் சபை ஒன்றைப் பற்றி 699 வரிகளில் ஒரு கவிதை எழுதினார். வாலண்டைன் நாளைக் காதலோடு, அதாவது இணை தேடுவதோடு சேர்த்துச் சொல்லும் மிகப் பழைய எழுத்துகளில் பேர்போனது அதுதான். ஜாக் ஒரூச் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1981இல் ஒரு நீண்ட கட்டுரை எழுதி, சாசருக்கு முன்னால் இந்தத் தொடர்புக்கு எங்கேயும் தடயம் இல்லை, அவர்தான் இதை உண்டாக்கியிருக்க வேண்டும் என்று வாதிட்டார். ஆய்வாளர்களில் நிறையப் பேர் ஒப்புக்கொண்ட வாதம்.

கவிதை இப்படிப் போகிறது. கவிஞர் புத்தகம் படித்தபடியே தூங்கிவிடுகிறார். கனவில் ஒரு தோட்டம். அங்கே இயற்கை அன்னை வீற்றிருக்கிறாள். அன்று வாலண்டைன் திருநாள். ஒவ்வொரு பறவையும் தன் இணையைத் தேர்ந்தெடுக்க வந்து கூடியிருக்கிறது. அன்னையின் கையில் ஒரு பெண் கழுகு. அவளைக் கேட்டு மூன்று ஆண் கழுகுகள் எழுகின்றன. முதல் கழுகு அரச குலம், பேச ஆரம்பித்தால் நிறுத்தாது. இரண்டாவது, நான் இன்னும் அதிக நாளாகக் காதலிக்கிறேன் என்கிறது. மூன்றாவது, நாள் கணக்கைப் பார்க்காதே ஆழத்தைப் பார் என்கிறது. காலையில் ஆரம்பித்த பேச்சு சூரியன் சாய்கிற வரைக்கும் முடியவில்லை.

மற்ற பறவைகளுக்கு என்ன தலையெழுத்து? பெரிய இடத்துக் கல்யாணப் பேச்சு முடிந்தால்தான் இவர்கள் முறை வரும். வாத்தும் குயிலும் தாராவும் பொறுக்க முடியாமல் கத்துகின்றன. சாசர் அந்தச் சத்தத்தை அப்படியே வரியில் வைத்திருக்கிறார்: 'கெக் கெக், குக்கூ, க்வெக் க்வெக்'. சீக்கிரம் முடியுங்கள், நாங்கள் போக வேண்டும் என்கிற கூச்சல். வாத்து எழுந்து, அவள் உன்னை விரும்பவில்லை என்றால் நீ வேறொருத்தியைப் பார்த்துக்கொள், அவ்வளவுதானே என்கிறது. பெரிய பறவைகள் அதைக் கேட்டுச் சிரிக்கின்றன. எனக்கு என்னவோ அந்தச் சபையில் வாத்து ஒன்றுதான் உருப்படியாகப் பேசியதாகத் தோன்றியது.

கடைசியில் அன்னை பெண் கழுகிடமே கேட்கிறாள். யாரைக் கட்டிக்கொள்கிறாய்? அவள் சொல்கிறாள், எனக்கு ஒரு வருஷம் அவகாசம் வேண்டும். அவ்வளவுதான். அன்னை சரி என்கிறாள். மற்ற பறவைகள் ஜோடி சேர்ந்து பாடிக்கொண்டே பறக்கின்றன. அந்தச் சத்தத்தில் கவிஞர் விழித்துக்கொண்டு அடுத்த புத்தகத்தை எடுக்கிறார்.

அரசன் இரண்டாம் ரிச்சர்டுக்கும் பொஹீமியாவின் ஆனுக்கும் நடந்த சம்பந்தப் பேச்சைத்தான் சாசர் பறவை வேஷம் கட்டி எழுதினார் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். இருவருக்கும் அப்போது பதினைந்து வயதை ஒட்டித்தான் இருக்கும். திருமண ஒப்பந்தம் முடிந்தது 1381 மே தொடக்கத்தில். இதைப் பிடித்துக்கொண்டு ஹென்றி ஆன்ஸ்கர் கெல்லி என்ற ஆய்வாளர் 1986இல் ஒரு புத்தகமே போட்டார். சாசர் சொன்ன வாலண்டைன் ரோமக்காரர் இல்லை, இத்தாலியின் ஜெனோவா நகர ஆயராக இருந்த வேறொரு வாலண்டைன், அவர் திருநாள் மே 3, சாசர் ஜெனோவாவுக்கு வேலையாகப் போய் வந்தவர், பிப்ரவரிக் குளிரில் இங்கிலாந்தில் எந்தப் பறவை கூடு கட்டும் என்பது அவர் கேள்வி.

அவர் சொல்வது சரியாக இருந்து அந்தத் தேதியே நிலைத்திருந்தால் அண்ணன் கதி என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். மே மாத வெயிலில் மொட்டு சிறுத்துப் போகும்.

ஆனால் பிப்ரவரிக்கும் ஒரு நியாயம் உண்டு. அன்று புழக்கத்தில் இருந்தது ஜூலியன் நாட்காட்டி. சாசர் காலத்து பிப்ரவரி 14, இப்போதைய கணக்குக்கு பிப்ரவரி 22. இங்கிலாந்தில் அண்டங்காக்கை மாதிரியான சில பறவைகள் அதற்குள் கூட்டு வேலையைத் தொடங்கிவிடும். அந்த நாட்டுப் பறவை ஆர்வலர்கள் இன்றும் வருஷாவருஷம் பிப்ரவரி 14 அன்றுதான் தோட்டத்தில் கூட்டுப்பெட்டி வைக்கும் வாரத்தைத் தொடங்குகிறார்கள்.

சாசர் காலத்திலேயே மற்றவர்களும் இதைப் பிடித்துக்கொண்டார்கள். அவருடைய நண்பர் ஜான் கவர், பிரெஞ்சில் எழுதிய ஒட்டோன் டி கிரான்சன் என்ற படைவீரர், பிறகு 1415இல் அஜின்கோர்ட் போரில் பிடிபட்டு 25 ஆண்டு இங்கிலாந்தில் கைதியாக இருந்த ஓர்லியான் பிரபு சார்ல். எல்லாம் அரண்மனை வட்டாரத்து ஆட்கள். அது வரைக்கும் இது கவிஞர்களின் விளையாட்டு. நான் தேடியது, வீட்டுக்குள் எப்போது நுழைந்தது என்பதை.

1477இல் நுழைந்துவிட்டது. கடிதம் இருக்கிறது, லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில்.

இங்கிலாந்தின் நார்ஃபோக் வட்டாரத்தில் பாஸ்டன் என்று ஒரு குடும்பம். தலைமுறை தலைமுறையாக எழுதிய கடிதங்களைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார்கள், அது ஒன்றுக்காகவே வரலாற்றில் நிலைத்தவர்கள். அப்பா பெயர் ஜான், மூத்த மகன் பெயர் ஜான், அடுத்த மகன் பெயரும் ஜான். கடைசி ஜானுக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது, இன்னும் பெண் அமையவில்லை. டாப்கிராஃப்ட் என்ற ஊரில் சர் தாமஸ் புரூஸ் என்பவரின் மகள் மார்ஜெரியைப் பார்த்திருக்கிறார்கள். பையனுக்குப் பிடித்துவிட்டது, பெண்ணுக்கும் பிடித்துவிட்டது. தொகையில் வந்து நிற்கிறது. ஆமாம், வரதட்சணை.

பெண்ணின் அம்மா எலிசபெத் மாப்பிள்ளைக்கு எழுதுகிறாள். வெள்ளிக்கிழமை வாலண்டைன் நாள், ஒவ்வொரு பறவையும் தன் இணையைத் தேடிக்கொள்ளும் நாள். நீங்கள் வியாழக்கிழமை ராத்திரியே வந்து திங்கள் வரைக்கும் தங்குகிற மாதிரி வந்தால், என் வீட்டுக்காரரிடம் பேசி முடித்துவிடலாம் என்று நம்புகிறேன். கூடவே ஒரு பழமொழி. முதல் வெட்டிலேயே சாய்ந்துவிட்டால் அது என்ன கருவாலி மரம் என்கிற பொருளில். நம் வீடாக இருந்தால் 'அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்' என்று எழுதியிருப்பாள். இன்னொரு வரியும் வருகிறது: என் மகளை உங்களுக்காக வாதாடுகிறவளாக்கிவிட்டீர்கள், ராப்பகலாக என்னைப் பிடுங்கி எடுக்கிறாள்.

இந்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் படிப்பதை நிறுத்திவிட்டேன். சாசர் கவிதை எழுதி நூறு வருஷம் கூட ஆகவில்லை. அரண்மனைக்காரர்களுக்கு எழுதிய வரி, கிராமத்தில் இருக்கும் ஓர் அம்மாவின் பேனாவில் ஊர்ப்பேச்சாக வருகிறது. அதுவும் எதற்கு? பட்ஜெட் இடிக்கும் சம்பந்தத்தைத் தள்ளி நகர்த்த.

அப்புறம் மார்ஜெரியே எழுதுகிறாள். 'என் மிகப் பிரியமான வாலண்டைன்' என்று விளிக்கிறாள். ஆங்கிலத்தில் கைக்குக் கிடைத்த முதல் வாலண்டைன் கடிதம் என்று கொண்டாடுவது இதைத்தான். அவள் சொல்லச் சொல்ல வீட்டுக் கணக்கப்பிள்ளை தாமஸ் கேலா எழுதியது. எனக்கு உடம்பும் மனசும் சரியில்லை, உங்களிடமிருந்து சேதி வரும் வரைக்கும் சரியாகாது. அம்மா அப்பாவிடம் எவ்வளவோ மன்றாடிவிட்டாள், உங்களுக்குத் தெரிந்ததற்கு மேல் ஒன்றும் பெயரவில்லை. நீங்கள் என்னைக் காதலிப்பது நிஜமென்றால் இதற்காக என்னை விட்டுவிட மாட்டீர்கள். உங்களுக்கு இருக்கும் சொத்தில் பாதி கூட இல்லாமல் போனாலும் நான் உங்களைக் கைவிட மாட்டேன். கடைசியில், இந்தக் கடிதம் உங்களைத் தவிர வேறு யார் கண்ணிலும் படக் கூடாது. (கணக்கப்பிள்ளை பார்த்துவிட்டார். ஐந்நூறு வருஷம் கழித்து நானும் பார்த்துவிட்டேன். மன்னித்துக்கொள் தாயே.)

அடுத்த கடிதத்தில் தொகையையே எழுதிவிடுகிறாள். அப்பா 100 பவுண்டும் 50 மார்க்கும்தான் தருவார், அதற்கு மேல் ஒரு காசு கிடையாது, நீங்கள் எதிர்பார்ப்பதற்கு இது ரொம்பத் தூரம். இந்தத் தொகையும் ஏழை நானும் போதும் என்றால் பூமியில் என்னைவிடச் சந்தோஷமான பெண் இருக்க மாட்டாள். போதாது என்றால் இந்தப் பேச்சுக்காக இனி வர வேண்டாம், இத்தோடு விட்டுவிடுங்கள்.

ஊருக்குப் போனபோது அம்மாவுக்கு இதைத் தமிழில் படித்துக் காட்டினேன். பூண்டு உரித்துக்கொண்டே கேட்டாள். தொகை வந்த இடத்தில் கை நின்றது.

"எத்தன பவுனு?"

"பவுனில்லம்மா, பவுண்டு. அவங்க ஊர்ப் பணம்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. நம் பவுன், அவர்களுடைய பவுண்டுதான். வெள்ளைக்காரன் காலத்து ஒரு பவுண்டு தங்கக் காசு, சவரன், எட்டு கிராமுக்கு ஒரு மயிரிழை குறைவு. அந்த எடைதான் நம் நகைக்கடையில் பவுன் என்று நின்றுவிட்டது. அம்மா கேட்டது தப்பே இல்லை. மார்க் என்பது பவுண்டில் மூன்றில் இரண்டு பங்கு. கூட்டிப் பார்த்தால் சரியாக 200 மார்க் வருகிறது.

பெண்ணின் அப்பா சர் தாமஸும் மாப்பிள்ளையின் அண்ணனுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். ஒரு மகளுக்கே இவ்வளவு கொட்டிவிட்டு, மற்ற பெண்களை அம்போவென்று விட எனக்கு மனமில்லை என்கிறார். அதைப் படித்ததும் அம்மா, "உங்கப்பாவும் இதையேதான் சொன்னாரு" என்றாள். பெரிய அக்காவுக்கு முதலில் பேசிய இடம் ஐந்து பவுனில் நின்றுபோனது. அப்போது எனக்கு ஒன்பது வயது. திண்ணையில் தட்டு மாற்ற வாங்கி வைத்த பழமும் வெற்றிலையும் அப்படியே இருந்ததும், ராத்திரி நாங்கள் பசங்கள் மட்டும் அந்தப் பழத்தைத் தின்றதும் ஞாபகம் இருக்கிறது. அக்கா கடிதம் எழுதினாளா என்று நான் கேட்டதில்லை. எழுதித் தருவதற்கு எங்கள் வீட்டில் கணக்கப்பிள்ளை யாரும் கிடையாது.

மார்ஜெரிக்கு நல்லபடியாக முடிந்தது. மாப்பிள்ளையின் அம்மா தன் பங்கில் ஒரு நிலத்தை எழுதித்தர முன்வந்தார். மூத்த ஜான், அது எப்படித் தரலாம் என்று முறைத்துக்கொண்டார். இருந்தும் அதே வருஷம் கல்யாணம் நடந்தது.

இப்போதெல்லாம் காதலர் தினத்தைத் திட்டுகிறவர்களில் இரண்டு வகை. நம் பண்பாடு இல்லை என்பவர்கள் ஒன்று, அவர்களை விட்டுவிடலாம். காதலைக் காசாக்கிவிட்டார்கள், அந்தக் காலத்தில் தூய்மையாக இருந்தது என்று பெருமூச்சு விடுபவர்கள் இன்னொன்று. இவர்களுக்கு மார்ஜெரியின் கடிதத்தைத்தான் அனுப்பி வைக்க வேண்டும். முதல் கடிதத்திலேயே காசு உட்கார்ந்திருக்கிறது.

கல்யாணத்துக்குப் பிறகும் விட்டபாடில்லை. சாமுவேல் பெப்பீஸ் என்ற கடற்படை அதிகாரி 1660களில் லண்டனில் நாட்குறிப்பு எழுதினார். வாலண்டைன் நாள் காலையில் முதலில் கண்ணில் படும் ஆண்தான் அந்த வருஷ வாலண்டைன் என்பது அந்தக் காலத்து வழக்கம். 1662இல் வீட்டில் பொன்முலாம் பூசும் ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவர்களில் யாரையும் பார்த்துத் தொலைக்கக் கூடாது என்று பெப்பீஸின் மனைவி காலை முழுக்கக் கையால் கண்ணைப் பொத்திக்கொண்டே இருந்தாராம். 1667இல் அவரே தன் மனைவிக்கு வாலண்டைன் ஆகிறார். ஆகிவிட்டு நாட்குறிப்பில் எழுதிக்கொள்கிறார்: எனக்கு 5 பவுண்டு செலவு.

பிறகு நடந்ததெல்லாம் தபால்காரர் கதை. 1840இல் இங்கிலாந்தில் ஒரு பென்னி தபால் வந்தது. நாட்டின் எந்த மூலைக்கும் ஒரே கட்டணம், பெயர் போடாமலும் அனுப்பலாம். காதல் அட்டைகள் மூட்டை மூட்டையாகப் போயின. பிடிக்காதவர்களைக் கேலிப்படம் போட்டுத் திட்டி அனுப்பும் அட்டைகளும் கடையில் விற்றன. அமெரிக்காவில் வூஸ்டர் ஊரைச் சேர்ந்த எஸ்தர் ஹௌலண்ட் என்ற இளம்பெண், இங்கிலாந்து அட்டை ஒன்றைப் பார்த்து, இதைவிட நன்றாக நான் செய்வேன் என்று 1840களின் கடைசியில் இறங்கினார். விற்பனைக்குப் போன அண்ணன் பையில் ஒரு டஜன் மாதிரிகளைக் கொடுத்து அனுப்பினார். 200 டாலருக்கு ஆர்டர் வந்தால் பெரிது என்று நினைத்திருக்க, 5,000 டாலருக்கு வந்தது என்பார்கள். வீட்டு மாடியில் மேசை போட்டுத் தோழிகளை உட்கார வைத்தார். ஒருத்தி பூ வெட்டுவாள், ஒருத்தி தாளை ஒட்டுவாள், ஒருத்தி ஜரிகைத்தாளை மேலே வைப்பாள். அடுத்தவர் கைக்கு நகர்த்துவார்கள். கடைசி வரை கல்யாணம் செய்துகொள்ளாமல் 1881இல் வியாபாரத்தை நல்ல விலைக்கு விற்றுவிட்டுப் போனார். அந்த மேசையைப் பற்றிப் படித்தபோது எனக்குக் கண்ணில் வந்தது, தண்டு நீளம் பார்த்துக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்த அக்காக்கள்தான்.

இந்த டிசம்பரில் அடுத்த கவாத்து. போயிருந்தேன். அண்ணன் மறக்கவில்லை. "என்னமோ தேடறேன்னியே, கெடச்சுதா? எவன் வச்சது?"

கத்தரி சத்தத்துக்கு நடுவில் கழுகுக் கதை முழுக்கச் சொன்னேன். சுங்கவரிக் கணக்கர், கனவு, மூன்று மாப்பிள்ளைகள், கத்திய வாத்து. வெட்டிக்கொண்டிருந்த அக்கா ஒருத்தர் கையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு வருஷம் டைம் கேட்டாள் என்று முடித்ததும் அவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"அடுத்த வருசம் யாரக் கட்டிக்கிட்டா?"

"அத அவர் எழுதலைக்கா."

"எழுதலயா?"

"இல்ல. அதோட முடிச்சிட்டார்."

அவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தகரத்தில் மாட்டியிருந்த தினசரி காலண்டரைப் பார்த்தார். மாசி 2க்கு இன்னும் எழுபது நாள் இருந்தது. "சரி சரி, அந்தக் கடைசிப் பாத்திய முடிங்க" என்றார்.